பத்தொன்பது வருஷம் பத்திரிகை, இனிமேல் கல்யாணமா?

ராயபுரம்_35எம்எம்

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை படித்துவிட்டு மட்டும் போனவன், முதல் தடவையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2005-ல் ஒரு தமிழ் நாளிதழில் படம் எடுக்கிற ஸ்ட்ரிங்கராகச் சேர்ந்தேன். படத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. அச்சில் வந்தால் காசு, வராவிட்டால் பெட்ரோல் நட்டம். நாலு வருஷம் கழித்துத்தான் நிரந்தரம் ஆனேன். வட சென்னை முழுக்க என் ஏரியா. காசிமேட்டில் படகு கவிழ்ந்தாலும் புளியந்தோப்பில் தண்ணீர் நின்றாலும் ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் மறியல் நடந்தாலும் முதலில் என் போன்தான் அடிக்கும். 2015 டிசம்பர் வெள்ளம், அடுத்த டிசம்பரில் வர்தா புயல், அதற்கு ஒன்றரை மாதம் கழித்து எண்ணூர் கடலில் இரண்டு கப்பல் மோதிக் கொட்டிய எண்ணெய், எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். எர்ணாவூர் பக்கம் பாறைகளுக்கு நடுவே நின்று பையன்கள் பிளாஸ்டிக் வாளியில் எண்ணெய் அள்ளினார்களே, அந்தப் படம் முதல் பக்கத்தில் வந்தது. அன்றைக்குப் போட்டிருந்த ஷூ இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் கறை போகவில்லை, தூக்கிப் போடவும் மனசில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் படப் பிரிவில் 9 பேர் இருந்தோம். கொரோனாவுக்கு அப்புறம் 4 பேர். போன மாதம் அந்த நாலையும் முடித்துவிட்டார்கள். இனிமேல் ரிப்போர்ட்டரே போனில் எடுத்து அனுப்புவாராம். எனக்கு வயது 43. பெண் பத்தாவது படிக்கிறாள்.

சித்தி பையனுக்கு ஆவணியில் கல்யாணம், பழைய வண்ணாரப்பேட்டையில் மண்டபம். "வெளியாளுக்குக் கொடுக்கிற காசை உனக்கே கொடுக்கிறேன், நீ எடுண்ணா" என்கிறான். என்னிடம் இரண்டு நிக்கான் டி750 கேமரா, 24-70, 70-200 லென்ஸ், ஒரு பழைய ஃபிளாஷ் இருக்கிறது. வேறு என்ன வாங்க வேண்டும்? எவ்வளவு கேட்பது? எங்கே சறுக்குவேன்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வி.ஐ.பி. கல்யாணங்களுக்குப் பத்திரிகை சார்பில் போகும்போது, மேடையில் "கொஞ்சம் கிட்ட வாங்க, தலையைச் சாய்ங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும் போட்டோகிராபரைப் பார்த்து நாங்கள் ஓரமாக நின்று சிரித்திருக்கிறோம். இப்போது அந்த இடத்தில் நான் நிற்கப் போகிறேன்.

வியாசர்பாடி_விங்கர்

அண்ணே, நீங்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தீர்கள், நாங்கள் உங்கள் பதினெட்டுப் பாக்கெட் ஜாக்கெட்டைப் பார்த்துச் சிரித்தோம். கணக்கு நேர்.

நான் எட்டு வருஷமாகக் கல்யாணங்களில் கேண்டிட், அதாவது போஸ் இல்லாத படம், எடுக்கிறேன். உங்கள் கேமரா போதும். டி750-ல் இரண்டு கார்டு போடலாம், இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிகிற மாதிரி வைத்துவிடுங்கள். மறியலை விட்டுவிட்டால் நாளைக்கு இன்னொரு மறியல் நடக்கும், தாலி ஒரு தடவைதான். நான் புதிதாக வந்தபோது ஒரு கார்டு படுத்துவிட்டது. ரிசப்ஷனில் பாதி போச்சு. பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, "சரிப்பா" என்று மட்டும் சொன்னார். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

லென்ஸ் வாங்குவதென்றால் ஒரு 85 1.8 மட்டும் வாங்குங்கள், செகண்ட் ஹேண்டே போதும். எல்லிஸ் ரோட்டில் ஒரு சுற்று சுற்றினால் கிடைக்கும். 70-200-ஐத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் நடந்தால் பெரியவர்கள் முகம் இறுகிவிடுகிறது.

அப்புறம் வெளிச்சம். வெயிலிலும் தெருவிளக்கிலும் பழகிய உங்களுக்கு மண்டபத்து வெளிச்சம் ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுக்கும். மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. திரை, மேலே மஞ்சள் விளக்கு, பக்கத்தில் வீடியோக்காரரின் வெள்ளை விளக்கு, விடிந்ததும் ஜன்னலில் நீல வெளிச்சம். ஒரே முகத்தில் நாலு நிறம். மலிவான எல்.இ.டி. விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாமல் சிமிட்டிக்கொண்டே இருக்கும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஆகவே வினாடிக்கு 100 சிமிட்டல். ஷட்டரை 1/100 அல்லது 1/50 வினாடியில் வைத்தால் தப்பிக்கலாம். 1/500-ல் வைத்தால் பெண்ணின் முகத்தில் வரிக்குதிரை மாதிரி பட்டை விழும். பின்னால் இருக்கிற திரைக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதன் வேகம் வேறு. முந்தின நாள் சாயங்காலமே போய் நாலு ஷட்டர் மாற்றி எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

ஓமப் புகை வந்தால் ஃபோகஸ் தேடிக்கொண்டே கிடக்கும். மாப்பிள்ளையின் மாலை விளிம்பில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் தொடங்கிய பிறகு இடம் மாறக் கூடாது. மாறினால் நமக்கு முன்னால் பத்துப் பேர் போனைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள்.

பழைய_நெகட்டிவ்

தம்பி, நான் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. ரோல் ஃபிலிம் காலத்து ஆள். 36 படம்தான் கையில், அதில் நாலை மிச்சம் வைத்துத்தான் ஆபீஸ் திரும்புவோம், வழியில் ஏதாவது எரிந்தால் வேண்டுமே என்று.

உங்கள் பத்திரிகையில் நடந்தது புதிது இல்லை. 2013 மே 30-ல் சிகாகோ சன்-டைம்ஸ் பத்திரிகை தன் 28 போட்டோகிராபர்களையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. அதில் புலிட்சர் பரிசு வாங்கிய ஜான் ஒயிட்டும் ஒருவர். ரிப்போர்ட்டர்களுக்கு ஐபோனில் படம் எடுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். நாங்கள் அதைப் பிரஸ் கிளப்பில் உட்கார்ந்து பேசினோம், நம் ஊருக்கு வர இன்னும் இருபது வருஷம் ஆகும் என்று. பத்துப் பதினொன்றிலேயே வந்துவிட்டது.

வெட்கப்படுகிறீர்கள், அது புரிகிறது. ஆனால் பத்திரிகை வேலையை விட்டவர் எல்லாம் வேறு வழியில்லாமல் விட்டவர் இல்லை. ஹோமாய் வியாரவாலா, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர், நேருவையும் காந்தி இறுதி ஊர்வலத்தையும் எடுத்தவர், 1970-ல் கேமராவைக் கீழே வைத்தார். புதிதாக வந்தவர்கள் நடந்துகொள்கிற விதம் பிடிக்கவில்லை என்று காரணம் சொன்னார். அதற்கப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார், தொழிலுக்குத் திரும்பவே இல்லை. 2011-ல் பத்ம விபூஷண் வந்தது. நீங்கள் கேமராவைக் கீழே வைக்கப் போவதில்லையே, திசையைத்தானே மாற்றுகிறீர்கள்.

மற்றபடி 1/100, 1/500 என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கள் காலத்து மண்டபத்தில் டியூப் லைட்தான், எல்லோரும் பச்சையாக வருவோம்.

எண்ணூர்_காற்று

நான் மட்டும் வேறு பேச்சு பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. எங்கள் படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. முதல் இரண்டு நாள் எங்கள் பக்கம் கேமரா வரவில்லை. எல்லாம் தென் சென்னையில் வெள்ளத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. எங்கள் பையன்கள் போனில் எடுத்துப் போட்ட பிறகுதான் வந்தார்கள்.

உங்களை மாதிரி இந்த ஏரியா தெரிந்த ஆட்கள் ஆளுக்கொரு மண்டபத்துக்குள் போய்விட்டால் அடுத்த தடவை யார் வருவார்கள்? எம். பழனிகுமார் மாதிரி ஒருவர் தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையை வருஷக்கணக்காக விடாமல் எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த மாதிரி நீங்களும் செய்யலாமே.

வியாசர்பாடி_விங்கர்

செய்யலாம்தான். ஸ்கூல் ஃபீஸை நீங்கள் கட்டிவிடுங்கள்.

எண்ணூர்_காற்று

தம்பி, நான் அவரிடம் கேட்டேன்.

ராயபுரம்_35எம்எம்

நீங்கள் கேட்டது நியாயம்தான் அண்ணா. அந்த டிசம்பரில் நான் வேளச்சேரியில்தான் இருந்தேன். ஆபீஸில் செய்தி டெஸ்க் அங்கே அனுப்பியது. மூன்றாவது நாள் நெட்டுக்குப்பம் வந்தேன். வந்ததும் ஒரு அம்மா "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கொளத்தூர்_மருமகள்

நான் போட்டோகிராபர் இல்லை, போட்டோவில் நின்றவள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விஷயம் சொல்லலாமா?

எங்கள் கல்யாணத்துக்கு "பத்திரிகைப் பாணியில் எடுப்பேன், யாரையும் போஸ் கொடுக்கச் சொல்ல மாட்டேன்" என்று ஒருவரைப் பிடித்தோம். படங்கள் அற்புதம். என் தங்கை படிக்கட்டில் உட்கார்ந்து பின் குத்திக்கொள்வது, சமையல்காரர் அண்டாவை எட்டிப் பார்ப்பது, மழையில் செருப்புகள். செருப்பு மட்டும் ஏழு படம். நானும் என் அப்பாவும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரு படம் இல்லை. கேட்டால் "அந்தத் தருணம் அமையவில்லை மேடம்" என்றார். அப்பா இப்போது இல்லை.

அதனால் அண்ணா, வீட்டு ஆள் ஒருவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அத்தை, பெரியம்மா, யாராவது. "இவர் யார், அவர் யார், யார் கோபத்தில் இருக்கிறார், யார் சீக்கிரம் கிளம்பப் போகிறார்" என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். முதலில் குடும்பப் படத்தை முடியுங்கள், கலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பந்தியில் வாய் திறந்திருக்கும்போது எடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

மின்ட்_பிரிண்ட்ஸ்

அம்மா சொன்னதைச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

நான் ஆல்பம் போடுகிறவன். தங்கசாலைப் பக்கம் 22 வருஷம். படம் எடுப்பதைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், காசு எங்கே நிற்கும் என்பதை நான் சொல்கிறேன். மூன்று தவணையாக வாங்குங்கள்: தேதி குறித்ததும் அட்வான்ஸ், ரிசப்ஷன் அன்று மேடை ஏறுவதற்கு முன்னால் பெரும்பகுதி, ஆல்பத்தின்போது மிச்சம். அந்த மிச்சத்தைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அது வராது.

ஏமாற்றுவார்கள் என்று சொல்லவில்லை. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கச் சொல்லி 2,000 படத்தை அனுப்புவீர்கள். பெண் வீட்டில் ஒரு லிஸ்ட், மாப்பிள்ளை வீட்டில் ஒரு லிஸ்ட். இரண்டும் சேராது. அதற்குள் பெண் மாசமாகிவிடும். வளைகாப்பையும் சேர்த்தே போட்டுவிடலாம் என்பார்கள். என் கடையில் இன்னும் மூன்று ஆல்பம் அப்படி நிற்கிறது, அதில் ஒன்றில் குழந்தை ஸ்கூலுக்கே போகிறது. 60 நாளுக்குள் தேர்ந்தெடுக்காவிட்டால் நானே தேர்ந்தெடுத்துப் போட்டுவிடுவேன் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். அதைச் சொன்னாலே பாதிப் பேர் வேகமாகச் செய்துவிடுவார்கள்.

பக்கத்துக்குப் பல படம் சேர்த்து அச்சிடுகிற 12க்கு 36 கரிஸ்மா ஆல்பம்தான் இன்றைக்கும் ஓடுகிறது. உங்கள் பத்திரிகைப் பழக்கத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு படம் என்று வைத்தால் வீட்டில் "இவ்வளவு இடத்தைக் காலியா விட்டிருக்காங்க" என்பார்கள்.

சீசன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆடியும் மார்கழியும் முகூர்த்தம் இல்லை என்று மற்ற ஏரியாக்காரர்கள் சும்மா உட்காருவார்கள். நம் பக்கம் அப்படி இல்லை. மண்ணடியில் நிக்காஹ் இருக்கும், ராயபுரம் செயின்ட் பீட்டர்ஸில் சர்ச் கல்யாணம் இருக்கும். தவக்காலத்தில் சர்ச் ஓய்வு எடுக்கும்போது இந்தப் பக்கம் பங்குனி முகூர்த்தம் வந்துவிடும். மஞ்சள் நீராட்டு, காதுகுத்து வருஷம் முழுக்க. எதையும் சின்ன வேலை என்று தள்ளாதீர்கள். மஞ்சள் நீராட்டு எடுத்த வீட்டில்தான் பத்து வருஷம் கழித்துக் கல்யாணம்.

தண்டையார்பேட்டை_வரவுசெலவு

எழுத்தில் வாங்குவது என்று வந்துவிட்டதால் ஒன்றைச் சேர்க்கிறேன். நிறையப் பேருக்கு இது தெரியாது.

1957 காப்புரிமைச் சட்டம், 17-வது பிரிவு. ஒருவர் காசு கொடுத்துக் கேட்டு எடுக்கப்படும் போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். நீங்கள் இல்லை. அதாவது கல்யாணப் படத்தை நீங்கள் இன்ஸ்டாகிராமில் விளம்பரத்துக்குப் போட வேண்டுமென்றால் அவர்களிடம் எழுதி வாங்கியிருக்க வேண்டும். பத்திரிகையில் சம்பளத்துக்கு இருந்தபோது எடுத்த படத்தில், பத்திரிகையில் வெளியிடுகிற உரிமை நிறுவனத்துக்கு. மற்ற உரிமை எடுத்தவருக்கு, இதுவும் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்தான். வேலையில் சேரும்போது என்ன கையெழுத்துப் போட்டீர்கள் என்று தேடிப் பாருங்கள். 19 வருஷப் படம் சும்மா இல்லை.

ஜி.எஸ்.டி. பற்றிக் கவலை வேண்டாம். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு. தாண்டினால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், பார்ட்டி வைக்கலாம்.

பழைய_நெகட்டிவ்

எனக்கு ஒரு சந்தேகம். படத்தில் கை வைப்பது பற்றி யாரும் பேசவில்லையே? ஏபி செய்தி நிறுவனம் 2014 ஜனவரியில் ஒரு போட்டோகிராபரோடு உறவையே முறித்துக்கொண்டது. சிரியா போரில் எடுத்த ஒரு படத்தின் மூலையில் இன்னொருவரின் வீடியோ கேமரா தெரிந்தது, அதை அழித்துவிட்டார். அவ்வளவுதான். புலிட்சர் வாங்கிய அணியில் இருந்தவர். இந்த ஒழுங்கில் வளர்ந்த ஆள் கல்யாணத்தில் பரு அழிக்க முடியுமா?

வியாசர்பாடி_விங்கர்

ஐயா, பரு மட்டுமா? மேடைக்குப் பின்னால் போகிற ஒயர், ஸ்பீக்கர், மாப்பிள்ளையின் தொப்பை, கோபித்துக்கொண்டு வராத அண்ணனையே ஒட்டச் சொல்வார்கள். இறந்துபோன தாத்தாவைக் குடும்பப் படத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறேன்.

பழைய_நெகட்டிவ்

ஐயையோ.

வியாசர்பாடி_விங்கர்

அந்தப் படத்தைப் பார்த்து அந்த வீட்டுப் பாட்டி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் "அவருக்கு வேட்டி சரியா இல்லையே" என்றார். மாற்றிக் கொடுத்தேன். எது பொய் என்று எனக்கும் சில நாள் குழம்பும் ஐயா. நான் வைத்திருக்கிற கோடு இது: ஒயரை அழிப்பேன், பருவை அழிப்பேன், மச்சத்தை அழிக்க மாட்டேன், நிறத்தை வெளுக்க மாட்டேன். பெண்ணை வெள்ளையாக்கிக் கொடுங்கள் என்று கேட்டால் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். இப்போதுதான் சொல்கிறேன். முதல் மூன்று வருஷம் சொல்ல முடியவில்லை.

கல்யாணத் தொழிலும் நிரந்தரம் என்று நினைக்காதீர்கள் அண்ணே. 2020-ல் கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்றார்கள். ராயபுரம் மண்டலம்தான் அப்போது தொற்றில் முதலிடம். அந்த 50 பேரில் போட்டோகிராபரும் ஒரு தலை. என்னை எண்ணிவிட்டு ஒரு சித்தப்பாவை வெளியே நிறுத்தினார்கள். அவர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு என்னை முறைத்த முறை இருக்கிறதே.

ராயபுரம்_35எம்எம்

எல்லோருக்கும் நன்றி. 85 வாங்கிவிட்டேன். ஃபிளாஷைத் தள்ளி வைத்து அடிக்க டிரிகரும் வாங்கினேன். மச்சம், பரு கணக்கை வைத்துக்கொள்கிறேன். கல்யாணம் முடிந்ததும் வந்து சொல்கிறேன்.

ராயபுரம்_35எம்எம்

வந்துவிட்டேன். மூன்று வாரம் ஆகிறது, தலை நிமிர இப்போதுதான் முடிந்தது.

நல்லதை முதலில் சொல்கிறேன். முகூர்த்தம் 6-லிருந்து 7.30. நாலு மணிக்கே போய்விட்டேன். விங்கர் தம்பி சொன்ன பட்டை முந்தின நாள் ரிசப்ஷனில் விழுந்தது, 1/100-க்கு இறக்கியதும் போய்விட்டது. தாலி கட்டும்போது எல்லோரும் எதிரே நின்றார்கள். நான் பக்கவாட்டில், பூக்கூடைக்குப் பின்னால் முழங்காலிட்டு உட்கார்ந்துகொண்டேன். கூட்டத்தில் இடம் பிடிப்பது மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கெட்டிமேளம் முழங்கியது, அட்சதை பறந்தது. பெண்ணின் அப்பா மட்டும் போடவில்லை. கைக்குள்ளேயே மூடி வைத்திருந்தார். மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டு முடித்தபோது அதே கையால் கண்ணைத் துடைத்தார். மஞ்சள் அரிசி நாலைந்து கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அப்படியே நின்றார், அவருக்குத் தெரியவில்லை. எடுத்தேன். 19 வருஷத்தில் என் நல்ல படம் பத்தில் அது ஒன்று. சத்தியமாகச் சொல்கிறேன்.

இனிமேல் சறுக்கியது. கொளத்தூர் தங்கை சொன்னதை நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீடு என் சொந்தம், எல்லோரையும் தெரியும், பெண் வீட்டையும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். எத்தனை பிரஸ் மீட்டில் யார் முக்கியம் என்று பார்த்த உடனே கண்டுபிடித்திருக்கிறேன், அந்தத் திமிர்தான். ஒரு வாரம் கழித்துப் படங்களைக் காட்டினேன். பெண்ணின் அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். அரிசிப் படத்தைப் பார்த்து அழுதார். கடைசியில் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "தம்பி, எங்க அண்ணன் எங்க?"

தாய்மாமன். 2,800 படத்தில் அவர் மூன்றில் இருக்கிறார். ஒன்றில் முதுகு, ஒன்றில் பாதி முகம், ஒன்றில் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு போகிற கை. மோதிரத்தை வைத்து அந்த அம்மாதான் அடையாளம் சொன்னார். நலங்குக்கு முதல் ஆளாக நின்றவர், பெண்ணுக்குப் பட்டுப்புடவை எடுத்தவர். நான் அந்த நேரத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு குழந்தை பலூன் ஊதுவதை எடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். பத்திரிகையில் நாள் முழுக்க அலைந்தாலும் டெஸ்க் கேட்பது ஒரே ஒரு படம். அந்த ஒன்று கிடைத்துவிட்டால் உடம்பு தானாகத் தளர்ந்துவிடும், பழக்கம் அப்படி. அரிசிப் படம் கிடைத்த பிறகு நானும் தளர்ந்துவிட்டேன். ஆல்பத்துக்கு ஒரு படம் போதாது, எல்லோரும் இருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில் மாமா வீட்டில் மணமக்களுக்கு விருந்து. முகூர்த்தப் புடவையையே கட்டிவரச் சொன்னேன். வாசலில் நிறுத்தி எடுத்தேன். மாமா பேசவே இல்லை. நாலாவது படத்தில்தான் பெண் அவர் தோளில் கை போட்டாள். அதற்கப்புறம் எனக்கும் இலை போட்டார்கள். அதற்குக் காசு எதுவும் வாங்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை இரவு எழுதுகிறேன்.

கொளத்தூர்_மருமகள்

சொன்னேனே அண்ணா! சரி, போகட்டும், வாசலில் எடுத்ததும் நல்லதுதான்.

மின்ட்_பிரிண்ட்ஸ்

தாய்மாமன் இல்லாத ஆல்பத்தை நான் பிரிண்ட் போட்டிருக்கவே மாட்டேன். திருப்பி அனுப்பியிருப்பேன்.

ராயபுரம்_35எம்எம்

அந்த இன்னொன்று இதுதான்.

ரிசப்ஷன் முடிகிற நேரம். கை கழுவுகிற இடத்தருகே ஓர் ஆயா கேமரா வாரைப் பிடித்து இழுத்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். "என்னைத் தனியா ஒண்ணு எடு நைனா. பெருசாக்கி மாட்டற மாதிரி" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். முந்தானையை இழுத்து மூக்குத்தியைத் துடைத்துக்கொண்டார். சுவர் ஓரமாகத் தானே போய் நின்றார். பின்னால் "குடிநீர்" என்று எழுதியிருந்தது, இரண்டடி தள்ளி நிற்க வைத்தேன்.

பத்திரிகையில் இருந்தவர்களுக்குத் தெரியும். கடலில் ஆள் காணாமல் போனாலும், விபத்தில் யாராவது இறந்தாலும், ரிப்போர்ட்டர் உள்ளே போய்ப் பேசுவார், நான் வாசலில் நின்று "ஒரு போட்டோ இருக்காம்மா?" என்று கேட்பேன். அதுதான் என் வேலை. அவர்கள் பீரோவைத் திறந்து தேடுவார்கள், இல்லாவிட்டால் சுவரிலிருந்து ஒன்றைக் கழற்றித் தருவார்கள். அதைத் தரையில் வைத்துக் காப்பி எடுப்பேன். நூறு வீட்டிலாவது எடுத்திருப்பேன். எல்லாமே யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த படம். ஓரத்தில் இன்னொருவர் தோள் தெரியும், கழுத்துக்குக் கீழே மாலையின் நுனி தெரியும், பின்னால் மண்டபத்துச் சரிகை ஜோடனை தெரியும். டெஸ்க்கில் அதையெல்லாம் வெட்டிவிட்டு முகத்தை மட்டும் போடுவார்கள். எடுத்தவர் யார் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

ஆயாவை ஆறு படம் எடுத்தேன். மற்ற படங்களுக்கு முன்னால் அதைத்தான் முடித்தேன். 10க்கு 12 அளவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். முதலில் அவர் பேரன் போனுக்கு அனுப்பி, ஆயாவிடம் காட்டச் சொன்னேன். "சிரிச்ச மாதிரி இருக்குதே, வேற இல்லையா?" என்று கேட்டாராம். இருக்கிறது, நாலாவது படத்தில் சிரிக்கவில்லை.

பழைய_நெகட்டிவ்

நாலாவதையே கொடுங்கள். சிரித்ததை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர்_காற்று

அண்ணா, அடுத்த மாதம் கழிமுகத்தில் நாங்கள் கொஞ்சம் படம் எடுத்து வைக்கலாம் என்றிருக்கிறோம், பையன்கள் நாலு பேர். கேமரா இரண்டு இருக்கிறது, சொல்லித்தர ஆள் இல்லை. காசு தர முடியாது. மீன் குழம்பு உண்டு.

ராயபுரம்_35எம்எம்

முகூர்த்தம் இல்லாத ஞாயிறாகப் பார்த்துச் சொல்லுங்கள். காலை 5 மணிக்கே வந்துவிடுகிறேன், வெயில் ஏறினால் தண்ணீர் வெளுத்துவிடும்.

மின்ட்_பிரிண்ட்ஸ்

ஆயா படத்துக்கு மேட் பேப்பர் போடச் சொல்லுங்கள், குளோஸி வேண்டாம். ஃபிரேமில் கண்ணாடியும் வேண்டாம், லேமினேஷன் போதும். நாளைக்கு எவனாவது வந்து காப்பி எடுத்தால் ஃபிளாஷ் அடிக்காது.